ஆக்சிஜனுக்குப் பதிலாக என்ன? பெட் பாட்டிலையும் சர்க்கரையையும் மின்சாரத்தால் ரசாயனமாக்கும் கணக்கு

"பிளாஸ்டிக் குப்பையிலிருந்து ஹைட்ரஜன்" என்று ஒரு செய்தி ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கண்ணில் படுகிறது. கூடவே ஒரு படம் இருக்கும். கண்ணாடிக் குடுவை, இரண்டு கம்பி, பக்கத்தில் நசுங்கிய தண்ணீர் பாட்டில். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு பாட்டில் போட்டால் எவ்வளவு ஹைட்ரஜன் வரும், எத்தனை யூனிட் கரண்ட் செலவாகும், வேறு என்னென்ன உள்ளே போக வேண்டும் என்று செய்தியில் இருக்காது. இவை எல்லாம் பிளஸ் டூ வேதியியலை வைத்தே போடக்கூடிய கணக்குதான். அதைப் போட்டுப் பார்த்தால் இந்தத் துறையில் எது நிஜம், எது விளம்பரம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

தண்ணீரைப் பிரிப்பதில் காசு எங்கே போகிறது

தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் வரும். இது எல்லோருக்கும் தெரியும். எதிர்மின்வாயில் எலக்ட்ரானைக் கொடுக்கிறோம், நேர்மின்வாயில் அதே எண்ணிக்கை எலக்ட்ரானைப் பிடுங்குகிறோம். இரண்டு பக்கமும் கணக்கு சரியாக நேராக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேலை நடக்க வழியே இல்லை.

இதை எண்ணாக மாற்றுவோம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கத் தேவையான மின்னேற்றம் ஃபாரடே 1834-ல் எழுதி வைத்த விதியிலிருந்து நேரடியாக வருகிறது: 26,600 ஆம்பியர்-மணி. அதாவது செல்லுக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 யூனிட். இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கிட்டா போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

கோட்பாட்டளவில் தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். அப்படியானால் 33 யூனிட்டுக்குள் ஒரு கிலோ ஹைட்ரஜன் கிடைத்துவிட வேண்டும். நடைமுறையில் 1.8 முதல் 2 வோல்ட் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் 50 யூனிட்டைத் தொடுகிறது. இந்தக் கூடுதல் செலவில் பெரும்பங்கு ஆக்சிஜன் பக்கம்தான். இரண்டு தண்ணீர் மூலக்கூறிலிருந்து நான்கு எலக்ட்ரானை உருவி, இரண்டு ஆக்சிஜன் அணுவை ஒன்றோடு ஒன்று சேர்த்து வெளியே விட வேண்டும். பல படிகள் உள்ள மந்தமான வினை அது.

இவ்வளவு செலவழித்து வரும் ஆக்சிஜனை என்ன செய்கிறோம்? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எட்டு கிலோ ஆக்சிஜன் வரும். பெரும்பாலும் அதைக் காற்றில் விட்டுவிடுகிறோம். மின்சாரத்தில் அதிகம் தின்பதும் அந்தப் பக்கம்தான், காசு வராததும் அந்தப் பக்கம்தான்.

ஆக, கேள்வி இதுதான்: எப்படியும் நேர்மின்வாயில் எதையாவது ஆக்சிஜனேற்றம் செய்தே ஆக வேண்டும் என்றால், தண்ணீருக்குப் பதிலாக வேறு எதையாவது அங்கே வைக்கலாமா? சுலபமாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிற, ஆக்சிஜனேற்றம் ஆன பிறகு விலை கூடுகிற ஒரு பொருள்?

யாரை அந்த இடத்தில் உட்கார வைப்பது

ஆல்கஹால் தொகுதி உள்ள பொருள்கள் இதற்குப் பொருத்தமானவை. கிளிசரால், சர்க்கரை, எத்திலீன் கிளைக்கால் எல்லாம் அந்த வகை. ஆல்டிஹைடுகளும் சரிதான். இவை தண்ணீரில் கரையும், எலக்ட்ரானைத் தண்ணீரைவிடச் சுலபமாக விடும்.

உயிரிக்கழிவு இந்தக் கதைக்குள் வருவது இப்படித்தான். வைக்கோல், கரும்புச் சக்கை, மரத்தூள் எல்லாவற்றிலும் இருக்கும் செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. பயோடீசல் செய்யும்போது பத்தில் ஒரு பங்கு எடைக்குக் கிளிசரால் மிஞ்சும். பிளாஸ்டிக்கில் பெட் மட்டும் இங்கே தனித்து நிற்கிறது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பொருள் அது. டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் மாறி மாறிக் கோத்த எஸ்டர் சங்கிலி. சூடான காரக் கரைசலில் போட்டால் அந்த எஸ்டர் பிணைப்பு அறுந்து இரண்டும் தனித்தனியாகக் கரைசலுக்கு வந்துவிடும். எத்திலீன் கிளைக்கால் ஆல்கஹால்தானே, நேர்மின்வாய்க்குத் தயார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்கை உடைப்பது மின்சாரம் இல்லை, காரமும் சூடும். உடைந்து வந்த இரண்டில் ஒன்றைத்தான் மின்சாரம் மாற்றுகிறது. செய்திகளில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

நிக்கல் செய்யும் வேலை

பிளாட்டினம், தங்கம், பல்லேடியம் எல்லாம் இந்த ஆக்சிஜனேற்றத்தைக் குறைந்த வோல்ட்டில் செய்யும். ஆனால் விலை அதிகம். வினையின் இடையில் உருவாகும் கார்பன் மோனாக்சைடு போன்றவை மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையூக்கியைச் செயலிழக்கவும் செய்யும். அதனால் பெரும்பாலோர் நிக்கல், கோபால்ட் பக்கம் போகிறார்கள்.

நிக்கல் எப்படி வேலை செய்கிறது என்பது அழகான விஷயம். காரக் கரைசலில் நிக்கலின் மேல் மெல்லிய ஹைட்ராக்சைடு படலம் இருக்கும். வோல்ட்டை ஏற்றினால், ஹைட்ரஜன் மின்வாயோடு ஒப்பிட்டுச் சுமார் 1.35 வோல்ட்டில், அது ஒரு எலக்ட்ரானை விட்டுவிட்டு ஆக்சிஹைட்ராக்சைடாக மாறும். அந்த வடிவம் ஹைட்ரஜனுக்குப் பசியோடு இருக்கும். பக்கத்தில் ஒரு ஆல்கஹால் வந்தால் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு பழையபடி ஹைட்ராக்சைடாகிவிடும். மின்சாரம் திரும்பவும் அதைத் தயார் செய்யும். நிக்கல்-காட்மியம் ரீசார்ஜ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் சார்ஜ் ஏறும்போது நடப்பது இதே மாற்றம்தான். பேட்டரியில் அந்தச் சார்ஜை டார்ச்சுக்கு எடுக்கிறோம், இங்கே ஆல்கஹால் எடுத்துக்கொள்கிறது.

1971-லேயே ஃப்ளைஷ்மன், கோரினெக், பிளெட்சர் மூவரும் இதை விரிவாக எழுதிவிட்டார்கள். ஆமாம், 1989-ல் "குளிர் அணு இணைவு" என்று அறிவித்து உலகத்தையே பரபரப்பாக்கிய அதே மார்ட்டின் ஃப்ளைஷ்மன்தான். மின்வேதியியலில் அவர் செய்த நல்ல வேலைகள் அந்தச் சத்தத்தில் மறைந்துபோயின.

நிக்கலில் ஒரு குறையும் இருக்கு. எத்திலீன் கிளைக்காலை ஃபார்மிக் அமிலமாக உடைத்து ஹைட்ரஜன் எடுக்க, வெப்ப இயக்கவியல் கேட்பது 0.2 வோல்ட்டுக்கும் கீழே. ஆனால் நிக்கல் 1.35 வோல்ட்டில்தான் கண் விழிக்கிறது. இடைப்பட்ட ஒரு வோல்ட்டுக்கும் மேலான வித்தியாசம் வெப்பமாகப் போகிறது. "பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்தால் ஹைட்ரஜனுக்குக் கரண்ட் பாதிகூடத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால், எந்த வினையூக்கி, எவ்வளவு மின்னோட்டத்தில் என்று கேளுங்கள். ஆய்வகத்தில் சின்ன மின்னோட்டத்தில் பெரிய சேமிப்பு தெரியும். தொழிற்சாலைக்குத் தேவையான மின்னோட்டத்துக்குப் போகும்போது அது சுருங்கும்.

ஒரு கிலோ பெட் உள்ளே போனால்

2021-ல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிக்கல் கலந்த கோபால்ட் ஃபாஸ்ஃபைடு வினையூக்கி. சவ்வோடு ஒட்டிய மின்வாய் அமைப்பில், 1.8 வோல்ட்டில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 500 மில்லி ஆம்பியர். மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஃபார்மேட் உருவாக்கவே போனது. இந்தத் துறையில் தொழிற்சாலை அளவு மின்னோட்டத்தைத் தொட்ட நல்ல வேலை இது. இந்த எண்களை வைத்தே ஒரு கிலோ பெட்டுக்குக் கணக்குப் போடுவோம். எல்லாம் முழுமையாக வினைபுரிவதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோ சுத்தமான பெட்டில் 5.2 மோல் கண்ணி இருக்கிறது. ஒரு கண்ணியின் எடை 192 கிராம். அது உடைந்தால்:

- டெரிப்தாலிக் அமிலம்: 864 கிராம்
- எத்திலீன் கிளைக்கால்: 323 கிராம். இது ஆக்சிஜனேற்றம் ஆனால் ஃபார்மிக் அமிலக் கணக்கில் 479 கிராம்
- ஹைட்ரஜன்: சுமார் 39 கிராம்
- மின்சாரம்: சுமார் 1.9 யூனிட்

ஹைட்ரஜன் எவ்வளவு என்று பார்த்தீர்களா? 39 கிராம்! டெரிப்தாலிக் அமிலமோ 864 கிராம். அப்படியென்றால் "பிளாஸ்டிக்கிலிருந்து ஹைட்ரஜன்" என்ற தலைப்பே பொருளை மாற்றிச் சொல்கிறது. இது டெரிப்தாலிக் அமிலம் மீட்கும் ஆலை. ஃபார்மிக் அமிலம் இரண்டாவது வருமானம். ஹைட்ரஜன் கொசுறு.

மின்சாரமும் பெரிய செலவு இல்லை. யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கிலோவுக்குப் பதினைந்து ரூபாய்தான். அப்போ சிக்கல் எங்கே?

உப்புக் கணக்கு

காரத்தில்தான். ஒவ்வொரு கண்ணியும் உடைய இரண்டு மூலக்கூறு காரம் வேண்டும். எத்திலீன் கிளைக்கால் ஃபார்மேட்டாகும்போது இன்னும் இரண்டு தீரும். மொத்தம் நான்கு. ஒரு கிலோ பெட்டுக்கு இது 1.17 கிலோ காஸ்டிக் பொட்டாஷ், அல்லது 833 கிராம் காஸ்டிக் சோடா. காரம் இங்கே வினையூக்கி கிடையாது, தீர்ந்துபோகும் மூலப்பொருள். மின்சாரச் செலவைவிட இது அதிகம். பொட்டாஷ் என்றால் பல மடங்கு.

இத்தோடு முடியவில்லை. டெரிப்தாலிக் அமிலம் இப்போது உப்பாகக் கரைசலில் இருக்கிறது. அதைத் திடப்பொருளாக வெளியே எடுக்க அமிலம் ஊற்ற வேண்டும். ஃபார்மிக் அமிலத்தையும் தனியாக எடுக்க வேண்டுமென்றால் இன்னும் அமிலம். காஸ்டிக் சோடாவும் சல்ஃப்யூரிக் அமிலமும் பயன்படுத்தினால், மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகமான அமிலம் போய், ஒன்றரை கிலோ சோடியம் சல்ஃபேட் வெளியே வரும். ஒரு கிலோ பாட்டிலை ஒழிக்கப்போய் ஒன்றரை கிலோ உப்பு!

உப்புதானே, என்ன பெரிய விஷயம் என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கேட்க முடியாது. சாயப்பட்டறைகளின் உப்பு நீர் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். அங்கேயும் உப்பில் ஒரு பங்கு இதே சோடியம் சல்ஃபேட்தான். ஒரு திடக்கழிவை எடுத்துக் கரைந்த கழிவாக மாற்றுவது தீர்வு ஆகாது. பாட்டிலைக் கையால் பொறுக்கலாம். ஆற்றில் கரைந்த உப்பைப் பொறுக்க முடியாது.

இதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, உப்பையே விற்கக்கூடிய பொருளாக்குவது. சிங்ஹுவா குழு செய்தது இதுதான். அமிலமாக்க ஃபார்மிக் அமிலத்தையே ஊற்றினார்கள். டெரிப்தாலிக் அமிலம் படிந்துவிட்டது. மிச்சம் பொட்டாசியம் டைஃபார்மேட் ஆனது. பன்றித் தீவனத்தில் சேர்க்கும் விலையுள்ள உப்பு அது. புத்திசாலித்தனம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு கிலோ பெட்டுக்கு 1.4 கிலோ ஃபார்மிக் அமிலத்தை வெளியிலிருந்து வாங்கி ஊற்ற வேண்டும், 2.7 கிலோ டைஃபார்மேட் வரும். ஆலையின் லாபம் தீவனச் சந்தை எவ்வளவு வாங்கும் என்பதைப் பொறுத்தது ஆகிவிடுகிறது. பொட்டாஷும் சல்ஃப்யூரிக் அமிலமும் பயன்படுத்தினால் பொட்டாசியம் சல்ஃபேட் வரும், அது உரம். அதையும் விற்கலாம். ஆனால் விலை அதிகமான பொட்டாஷை உள்ளே போட்டுத்தான் அது வரும்.

இரண்டாவது வழி, இருமுனைச் சவ்வு வைத்த மின்கூழ்ப்பிரிப்பு. உப்புக் கரைசலை உள்ளே விட்டால் ஒரு பக்கம் அமிலமும் இன்னொரு பக்கம் காரமும் வரும். இரண்டையும் திரும்ப ஆலைக்குள்ளேயே சுற்ற விடலாம். உப்பு வெளியே போகாது. ஆனால் ஒவ்வொரு கிலோ காரத்துக்கும் சில யூனிட் மின்சாரம் ஆகும். அதாவது மெயின் செல்லில் ஆகிற செலவுக்கு ஈடாக இங்கேயும் ஒரு செலவு. கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் செல்லின் யூனிட்டை மட்டும்தான் சொல்வார்கள்.

மூன்றாவது வழி, காரத்தில் ஏற்கனவே கரைந்து கிடக்கும் பெட்டைத் தேடிப் போவது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

சந்தை எவ்வளவு தாங்கும்

இதையே பெரிய அளவில் பார்ப்போம். எத்திலீன் கிளைக்கால் வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால், கோட்பாட்டளவில் கூடவே 15 கிலோ ஃபார்மிக் அமிலம் வரும். உலகம் ஓர் ஆண்டில் தயாரிக்கும் ஹைட்ரஜன் ஒன்பது கோடி டன்னுக்கும் மேல். அதில் ஒரே ஒரு சதவீதத்தை இந்த வழியில் எடுத்தால் ஒன்றே முக்கால் கோடி டன்கூட வேண்டாம், ஒன்றேகால் கோடி டன்னுக்கு மேல் ஃபார்மிக் அமிலம் வந்து குவியும். இன்றைய உலகச் சந்தை ஏறத்தாழ பத்து லட்சம் டன் அளவில்தான் இருக்கிறது.

ஃபார்மிக் அமிலத்துக்கு உபயோகம் இல்லாமல் இல்லை. கன்னியாகுமரியில் ரப்பர் பாலை உறைய வைப்பதும், தோல் பதனிடும் இடங்களிலும் சாயமேற்றும் இடங்களிலும் ஊற்றுவதும் அதுதான். ஆனால் பத்து மடங்கு வந்து இறங்கினால் விலை படுத்துவிடும். இந்த முறை ஹைட்ரஜன் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தாது. ஒரு குறிப்பிட்ட ரசாயனத்துக்கு ஒரு குறிப்பிட்ட ஊரில் தேவை இருந்தால், அதைத் தூய்மையாகச் செய்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். அந்த அளவுக்குள் அது நல்ல வழி.

உயிரிக்கழிவுப் பக்கம்

இங்கே மூன்று பொருள்களைப் பார்க்கலாம்.

கிளிசரால்: 2019-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கெனிஸ் குழு ஒரு காரியம் செய்தது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜனுக்குப் பதில் கரியமில வாயுவை ஒடுக்கினார்கள், நேர்மின்வாயில் ஆக்சிஜனுக்குப் பதில் கிளிசராலை ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். மின்சாரத் தேவை 53 சதவீதம் வரை குறைந்தது. இரண்டு பக்கமும் பயனுள்ள பொருள். சிக்கல் என்னவென்றால் கிளிசராலில் மூன்று கார்பன். எங்கே வேண்டுமானாலும் உடையும். ஃபார்மிக், கிளைக்காலிக், லாக்டிக், கிளிசரிக் என்று ஒரு கூட்டமே வரும். கலவையாக வந்தால் பிரிக்கும் செலவு லாபத்தைத் தின்றுவிடும்.

எச்.எம்.எஃப்: சர்க்கரையிலிருந்து, குறிப்பாக ஃப்ரக்டோஸிலிருந்து, தண்ணீரை நீக்கினால் கிடைப்பது. வெல்லப்பாகு காய்ச்சும்போதும் தேனைச் சூடாக்கும்போதும்கூடக் கொஞ்சம் உருவாகும். இதிலிருந்து ஆறு எலக்ட்ரானை எடுத்தால் எஃப்.டி.சி.ஏ என்ற அமிலம். டெரிப்தாலிக் அமிலத்தின் இடத்தில் இதை வைத்துப் பாலிமர் செய்தால் பெஃப் என்ற, பெட்டுக்கு மாற்றான பிளாஸ்டிக். 2015-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சா, சோய் இருவரும் சூரிய ஒளி படும் மின்வேதிக் கலத்தில் இதைச் செய்து காட்டினார்கள். டெம்போ என்ற ஒரு மூலக்கூறைத் தூதுவனாகப் பயன்படுத்தினார்கள். மின்வாய் டெம்போவை மாற்றும், டெம்போ எச்.எம்.எஃப்-ஐ மாற்றும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நிக்கலுக்குக் கடும் காரம் வேண்டும், ஆனால் எச்.எம்.எஃப் கடும் காரத்தில் நின்றால் பழுப்பு நிறப் பிசினாகக் கெட்டுப்போகும். வேகமாக வேலையை முடிக்க வேண்டும்.

குளுக்கோஸ்: இதுதான் எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் ரொம்பப் பழசு. 1930-களிலேயே அமெரிக்காவின் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் இஸ்பெல் குழு செய்த முறை. குளுக்கோஸ் கரைசலில் கொஞ்சம் புரோமைடு உப்பும் கால்சியம் கார்பனேட்டும் போட வேண்டும். நேர்மின்வாயில் புரோமைடு புரோமினாகும், புரோமின் குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக்கிவிட்டுத் திரும்பப் புரோமைடாகும். அமிலத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டால் கால்சியம் குளுக்கோனேட். மருத்துவமனையில் கால்சியம் குறைந்தவர்களுக்கு ஏற்றுகிறார்களே, அதே மருந்து. சர்க்கரை உள்ளே, மருந்து வெளியே, எதிர்மின்வாயில் ஹைட்ரஜன். இன்று "புதுமை" என்று சொல்லப்படும் எல்லா அம்சமும் இதில் இருக்கிறது. ஒரே எலக்ட்ரான் ஜோடி, ஒரே பொருள், உப்புப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் உப்புதான் சரக்கே.

இது ஒன்றும் நேற்றுப் பிறந்தது இல்லை

1965-ல் மான்சாண்டோ நிறுவனம், மேனுவல் பெய்ஸர் கண்டுபிடித்த முறையில், அக்ரிலோநைட்ரைலை மின்சாரத்தால் இரண்டிரண்டாக இணைத்து நைலானுக்கான மூலப்பொருள் செய்ய ஆரம்பித்தது. பெரிய அளவில் லாபகரமாக ஓடிய கரிம மின்வேதியியல் ஆலை அது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி. எச்.வி.கே. உடுப்பா காலத்தில் அங்கே சுழலும் மின்வாய்களை வைத்துக் கரிமப் பொருள்களை மாற்றும் முறைகளில் நிறைய வேலை நடந்தது. மின்வாயைச் சுழற்றுவது ஏன்? கரைசலில் இருக்கும் மூலக்கூறு மின்வாய்க்கு வந்து சேரும் வேகம்தான் பெரும்பாலும் தடை. சுழற்றினால் அது கூடும். இன்றைக்குப் புது வினையூக்கி பற்றி ஆயிரம் கட்டுரை வருகிறது, இந்த மாதிரிப் பொறியியல் பற்றிக் குறைவாகத்தான் வருகிறது. ஆலை ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் இது ஆகாது

கேரி பேக், பால் கவர், பக்கெட், மூடி எல்லாம் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன். அவற்றில் எஸ்டர் பிணைப்பு கிடையாது. முழுக்க கார்பன்-கார்பன் சங்கிலி. காரத்திலும் கரையாது, தண்ணீரிலும் கரையாது. மின்வாய்க்கு அருகிலேயே வராத பொருளை மின்சாரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. குப்பையில் பெரும்பங்கு இவைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பி.வி.சி-யில் மட்டும் ஒரு சுவாரசியமான வழி வந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்நீல் குழு, பி.வி.சி-யில் ஏற்கனவே கலந்திருக்கும் மிருதுவாக்கியையே எலக்ட்ரான் தூதுவனாக்கி, அதிலிருந்து குளோரினைக் கழற்றி வேறு கரிமப் பொருளில் ஏற்றிக் காட்டியது. பி.வி.சி-யை எரித்தால் அமில வாயு வரும், உருக்கினாலும் வரும். அதனால் அதற்கு ஒரு வழி தேவைப்படுகிறது.

அப்போ எங்கே பயன்படுத்தலாம்?

தண்ணீர் பாட்டிலுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டிலுக்குக் காயலான் கடையில் ஏற்கனவே விலை இருக்கிறது. அதைப் பொறுக்கிக் கொண்டுவந்து போடுகிறவர்களுக்கு அதுதான் அன்றாட வருமானம். கழுவி, நறுக்கி, உருக்கி நூலாக இழுக்கும் ஆலைகள் இருக்கின்றன. எஸ்டர் சங்கிலி முழுதாக இருக்கும்போது அதை அறுத்துக் கிலோவுக்கு எண்ணூறு கிராம் காரம் செலவழிப்பதைவிட, அப்படியே உருக்குவது மேல்.

உருக்க முடியாதது எது? பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த பழைய துணி. சாயம் ஏறிய, பல அடுக்கு ஒட்டிய தட்டுகள். இவற்றை எந்தக் காயலான் கடையும் வாங்காது. கலப்புத் துணியைக் காரத்தில் போட்டால் பாலியஸ்டர் கரையும், பருத்தி பெரும்பாலும் மிஞ்சும். இயந்திரத்தால் பிரிக்கவே முடியாததை வேதியியல் பிரித்துக் கொடுக்கிறது.

அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. முன்னே மூன்றாவது வழி என்று சொன்னது இதுதான். சூரத் போன்ற ஊர்களில் பாலியஸ்டர் துணிக்குப் பட்டு மாதிரி மென்மை வர, அதைச் சூடான காஸ்டிக் சோடாவில் போட்டு நூலின் மேற்பரப்பைக் கொஞ்சம் அரிக்க விடுவார்கள். எடை குறைப்பு என்று அதற்குப் பெயர். அரிக்கப்பட்ட பாலியஸ்டர் எங்கே போகிறது? டெரிப்தாலேட் உப்பாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் கழிவு நீரில். காரமும் அதிலேயே இருக்கிறது. ஆய்வகத்தில் காசு கொடுத்துத் தயாரிக்கும் அதே கரைசல், அங்கே சாக்கடைக்குப் போகக் காத்திருக்கிறது. அந்தக் காரத்தையும் அமிலத்தையும் ஆலை எப்படியும் செலவழிக்கத்தான் போகிறது, அந்தக் கழிவை எப்படியும் சுத்திகரித்துத்தான் ஆக வேண்டும். அங்கே ஒரு மின்கலத்தை வைத்தால் உப்புக் கணக்கு புதிதாக ஏறாது. ஃபார்மிக் அமிலமும் பக்கத்திலேயே சாயப் பிரிவில் செலவாகும். ஆனால் அந்த நீர் சுத்தமாக இருக்காது, எத்திலீன் கிளைக்கால் நீர்த்துப்போய் இருக்கும், நூலில் பூசிய எண்ணெயும் கூடவே வரும். வினையூக்கி அதைத் தாங்குமா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லி ஆம்பியர்? எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடியது? உள்ளே போட்டது கடையில் வாங்கிய சுத்தமான ரசாயனமா, நிஜக் குப்பையா? எவ்வளவு உப்பு வெளியே வந்தது? முதல் மூன்றுக்கும் கட்டுரையிலேயே எங்காவது பதில் இருக்கும். நான்காவதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கண்ணிக்கு நான்கு மூலக்கூறு காரம், அவ்வளவுதான்.